கிளிக்கு எண்ணெய்: எந்த பாட்டில், எந்தப் பறவைக்கு?

சேலத்தில் கிளி வளர்க்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் எண்ணெயில் வந்து நிற்கும். இறகு மங்கினால் தேங்காய் எண்ணெய் என்பார் ஒருவர். மூக்கு ஒழுகினால் மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்து ஊற்றுங்கள் என்பார் இன்னொருவர். முட்டை சிக்கினால் விளக்கெண்ணெய். ஆப்பிரிக்கன் கிரே வளர்ப்பவர் வீட்டில் இணையத்தில் வரவழைத்த சிவப்பு பாமாயில் பாட்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கிளிகளில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணெய்ப் பற்றாக்குறை கிடையாது, காய்கறிப் பற்றாக்குறைதான். எண்ணெய் உண்மையிலேயே உதவும் இடங்கள் சில இருக்கின்றன, அவற்றுக்கு வருகிறேன்.

அதற்கு முன் சட்டம். நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே நான் பேசுவது நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்க லவ்பேர்ட், கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே ஆகியவற்றைப் பற்றி மட்டும். கிரே, கன்யூர் போன்று சைட்டிஸ் (அழிவு ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றை 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்தாக வேண்டும். பதிவே இல்லாமல் ஆயிரக்கணக்கில் சத்து மருந்து வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

கிண்ணத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மொத்தக் கடைகளில் கிளித் தீனி கேட்டால் இரண்டு வகையில் ஒன்று கிடைக்கும். சின்னப் பறவைக்குத் தினை. பெரிய பறவைக்குச் சூரியகாந்தி விதை கலந்த தீனி. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் பலர் நினைப்பதைவிடப் பெரிது. தினையில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான். தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பில் எடையில் பாதி கொழுப்பு. இரண்டு பருப்பைத் தின்றாலே ஏறத்தாழ ஒரு சொட்டு எண்ணெய் உள்ளே போய்விடுகிறது. காக்டெயில் ஒன்று பொழுதெல்லாம் சூரியகாந்தியையே பொறுக்கித் தின்றுகொண்டிருந்தால், அதன் மேல் எந்த எண்ணெயை ஊற்றினாலும் அது கொழுப்பின் மேல் கொழுப்புதான்.

விதையை மட்டுமே தின்னும் கிளிக்கு என்னென்ன குறையும் என்பது கால்நடை மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி3, ஒமேகா-3 கொழுப்பு. இந்த நான்கில் சுண்ணாம்பை எந்த எண்ணெயும் தராது. டி3 மீன் ஈரல் எண்ணெயில் உண்டு, ஆனால் அதில் வேறு சிக்கல் இருக்கிறது. மிச்சம் வைட்டமின் ஏ-யும் ஒமேகா-3-உம். ஆக எந்த பாட்டிலை எடுத்தாலும் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த இரண்டில் எதையாவது இது தருகிறதா?

அளவையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பட்ஜியின் எடை 35 கிராம் இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் என்பது சுமார் 0.05 மில்லி. இதை 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு எடைக்கு எடை மாற்றினால் 85 மில்லி வருகிறது. பறவையின் உடல் நம்மைவிட வேகமாக எரிப்பது உண்மைதான், அதனால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 'ஒரு சொட்டுதானே' என்ற அலட்சியம் போவதற்கு இது போதும்.

சிவப்பு பாமாயில்

போட்டியில் உண்மையிலேயே நிற்கத் தகுந்த எண்ணெய் இது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் கிரே கிளி எண்ணெய்ப் பனையின் பழத்தை விரும்பித் தின்னும். அந்தப் பழத்தின் சதையைப் பிழிந்து, சுத்திகரிக்காமல் எடுக்கும் எண்ணெய்தான் சிவப்பு பாமாயில். சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஆல்ஃபா, பீட்டா கரோட்டின்கள். கிளியின் உடல் இவற்றைத் தனக்குத் தேவையான அளவு மட்டும் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. மிஞ்சியது நஞ்சாவதில்லை. கூடவே வைட்டமின் ஈ-யும் தாராளமாக இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் வருகிறது. "பாமாயில்தானேங்க, ரேஷன்ல வாங்கினது வீட்லயே இருக்கு." லிட்டர் 25 ரூபாய்க்கு ரேஷனில் கிடைப்பது சுத்திகரித்த பாமோலின். மண்ணைக் கொண்டு நிறம் நீக்கி, கடும் சூட்டில் வாடை நீக்கும்போது கரோட்டின் முழுக்கப் போய்விடுகிறது. மஞ்சளாகத் தெளிந்து நிற்கும் அந்த எண்ணெயில் கிளிக்கு வேண்டியது எதுவும் மிச்சமில்லை. பாக்கெட்டில் வைட்டமின் ஏ, டி சேர்க்கப்பட்டது என்று போட்டிருந்தாலும் அது நாம் குழம்புக்கு ஊற்றும் அளவை மனதில் வைத்துச் சேர்த்தது. சொட்டுக் கணக்கில் அதற்கு அர்த்தமில்லை. பலகாரம் சுட நல்ல எண்ணெய், கிளிக்கு ஒன்றுமில்லாத எண்ணெய்.

சரி, இணையத்தில் வாங்கிய அசல் சிவப்பு எண்ணெய் எவ்வளவு தருகிறது? சுத்திகரிக்காத பாமாயிலில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டின். ஒரு சொட்டுக்குக் கணக்குப் போட்டால் 25 மைக்ரோகிராமை ஒட்டி வரும். சூரமங்கலம் உழவர் சந்தையில் வாங்கிய கேரட்டில் ஒரு கிராம் நறுக்கினால் அதில் 100 மைக்ரோகிராமுக்கு மேல். அதாவது நகத்தளவு கேரட் துண்டு நான்கு சொட்டு எண்ணெய்க்குச் சமம். கேரட் கட்சிக்கு எதிரான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கேரட்டின் நாருக்குள் பூட்டிக்கிடக்கும் கரோட்டினை உடல் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை, எண்ணெயில் கரைந்ததை எளிதாக எடுத்துக்கொள்ளும். அதற்கு வழி, கேரட்டை லேசாக ஆவியில் வேகவைத்து ஒரே ஒரு சொட்டு எண்ணெயைப் புரட்டிக் கொடுப்பது. அப்போது இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும்.

கேரட் இல்லாவிட்டால் அரசாணிக்காய், முருங்கைக்கீரை, பழுத்த மிளகாய். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. நம் நாக்கில் காரத்தை உணரும் உறுப்பு அவற்றிடம் அந்த வேலையைச் செய்வதில்லை. முருங்கைக் கொத்தைக் கூண்டில் தலைகீழாகக் கட்டிவிட்டால் பட்ஜிகள் இலையை உருவித் தின்பதைப் பார்க்கலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கினால் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நம் சந்தையில் வழக்கமாக வரும் வெள்ளைச் சதைக் கிழங்கில் கரோட்டின் பெயருக்குத்தான்.

அப்படியானால் சிவப்பு பாமாயில் யாருக்கு? காய்கறியைக் கண்டாலே கிண்ணத்தைக் கவிழ்க்கும் கிரேக்கு. வருடக்கணக்கில் சூரியகாந்தி மட்டும் தின்று பழகிய பறவையை மாற்றுவதற்கு மாதங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில், அது விரும்பித் தின்னும் சோற்றிலோ வேகவைத்த பருப்பிலோ இந்த எண்ணெயைப் புரட்டிக் கொடுப்பது நியாயமான வழி. கிரேக்கு ஒரு நாளில் கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். காக்டெயிலுக்கு ஒன்றிரண்டு சொட்டு. பட்ஜிக்கு இந்த பாட்டிலே தேவையில்லை. ஆஸ்திரேலியப் புல்வெளியில் புல் விதை பொறுக்கி வளர்ந்த இனம் அது. பனம்பழத்தை அதன் மூதாதையர் கண்டதே கிடையாது.

செக்குத் தேங்காய் எண்ணெய்

மரச்செக்கு கடையில் கேட்டால் கிடைக்கும் பதில் எனக்கு மனப்பாடம். "அண்ணா, கிளிக்குக் குடுக்கலாங்களா?" "தாராளமா குடுங்க தம்பி, நம்ம எண்ணெய்ல கெமிக்கலே இல்லீங்க." அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கேள்வி அதுவல்ல. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதில் பாதியை நெருங்கி லாரிக் அமிலம். வைட்டமின் ஏ கிடையாது, ஒமேகா-3 கிடையாது. கிளிக்குக் குறைவது எதையும் அது நிரப்பவில்லை. கூண்டுக்குள் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது வெறும் கலோரி.

இறகு மினுமினுக்கும் என்ற நம்பிக்கை இதற்குத்தான் அதிகம். நம் தலைமுடிக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் கை தானாக அந்த பாட்டிலுக்குப் போகிறது. கிளி இறகுக்கான எண்ணெயை உடலே செய்துகொள்கிறது. வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எடுத்துத் தானே தடவிக்கொள்ளும் இனங்கள் உண்டு. காக்டெயிலும் கிரேயும் அதோடு மாவுபோல உதிரும் இறகுத்தூளையும் பயன்படுத்துகின்றன. வெளியிலிருந்து எண்ணெய் தடவினால் இறகுகள் ஒட்டிக்கொண்டு குளிரைத் தடுக்கும் வேலையை இழக்கும். ஏற்காட்டில் டிசம்பர் இரவில் அது விளையாட்டல்ல. இறகு மங்கலுக்கான காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் உணவும், குளிக்கத் தண்ணீர் வைக்காததும், வெயில் படாததும்தான் கிடைக்கும்.

தேங்காய் எண்ணெயின் ஒரே பலம், அது சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. சிவப்பு பாமாயில் கிடைக்காத வீட்டில், வேகவைத்த கேரட்டுக்கு ஒரு சொட்டுக் கொழுப்பு வேண்டும் என்றால் இதைப் பயன்படுத்தலாம். கரோட்டினுக்கு வண்டியாக, அவ்வளவே.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் தருவது ஒமேகா-6, அது விதைத் தீனியில் ஏற்கெனவே வழிகிறது. ஆலிவில் இருப்பது பெரும்பாலும் ஓலிக் அமிலம். கெடுதல் இல்லை, கொடுக்கும் விலைக்கு லாபமும் இல்லை. கடலை எண்ணெயில் மட்டும் எச்சரிக்கை தேவை. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற ஈரல் நஞ்சு உருவாகும். செக்கில் ஆட்டிய எண்ணெய் சுத்திகரிப்புக்குப் போவதில்லை என்பதால், கடலை கெட்டிருந்தால் நஞ்சில் ஒரு பகுதி எண்ணெயோடு வரும். மனிதர்களைவிடப் பறவை சின்னது, ஈரலும் சின்னது. கடலையைக் கொட்டையாகக் கொடுப்பதற்கும் இதே எச்சரிக்கை.

ஆளிவிதை: பாட்டிலா, விதையா?

ஒமேகா-3 பக்கம் வந்தால் தாவர எண்ணெய்களில் ஆளிவிதைக்கு நிகர் அதிகம் இல்லை. அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு. கூண்டுக் கிளிகளுக்கு, குறிப்பாகக் கிரேக்கும் அமேசான் கிளிக்கும், இரத்தக் குழாய்த் தடிப்பு வருவது அதிகம். 2003-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், உடல் திசுவில் இந்த அமிலம் கூடுதலாக இருந்த கிளிகளுக்குத் தடிப்பின் கடுமை குறைவாக இருந்தது. ஆளிவிதை கொடுத்தால் மாரடைப்பு வராது என்று இதற்குப் பொருளல்ல. இறந்த பறவைகளை ஆராய்ந்து கண்ட தொடர்பு அது. ஆனாலும் சூரியகாந்தியில் இந்த அமிலம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதோடு சேர்த்துப் பார்த்தால், ஒமேகா-3 சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

நியாயம் இருப்பது ஒமேகா-3 சேர்ப்பதில்தான், பாட்டில் வாங்குவதில் அல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் வேகமாகக் கெடும். நாற்பது டிகிரியைத் தொடும் சேலத்துச் சித்திரை வெயிலில், கடை அலமாரியில் நின்ற பாட்டில் உங்கள் கைக்கு வருவதற்குள் என்ன நிலைக்கு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கெட்ட எண்ணெய் உடலில் உள்ள வைட்டமின் ஈ-யையும் தின்றுவிடும். கருப்புப் பாட்டிலில், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, திறந்த சில வாரங்களில் தீர்க்க முடிந்தால் வாங்குங்கள். ஒரே ஒரு காக்டெயில் வைத்திருப்பவர் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து அதை ஒருபோதும் தீர்க்க முடியாது.

விதையோ தன் தோலுக்குள் எண்ணெயைப் பத்திரமாக வைத்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் வாங்கினால் பல மாதம் வரும். மென்று பழக்கமில்லாத நமக்குத்தான் முழு ஆளிவிதை அப்படியே வெளியே போய்விடும். பட்ஜிகூடத் தோலுரித்துத்தான் தின்னும், அதனால் அரைக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்ஜிக்கு வாரம் இரண்டு மூன்று முறை ஒரு சிட்டிகை, கிரேக்கு அரை டீஸ்பூன். சியா விதையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் சப்ஜாவைச் சியா என்று கொடுத்துவிடும் கடைகள் இருக்கின்றன, பார்த்து வாங்குங்கள். பெரிய கிளிக்கு அக்ரூட் பருப்பு துண்டு ஒன்று கொடுத்தால் அதிலும் ஒமேகா-3 உண்டு, கூடவே கொத்தி விளையாடப் பொருளும் ஆச்சு.

எண்ணெயா விதையா என்ற இந்த ஒரு போட்டியில் எனக்குத் தயக்கமே இல்லை. விதைதான்.

மீன் எண்ணெய் மாத்திரை

மருந்துக் கடையில் மஞ்சளாக, உருண்டையாகக் கிடைக்கும் அந்த மாத்திரை பெரும்பாலும் காட் மீனின் ஈரல் எண்ணெய். அதில் இருப்பது கரோட்டின் அல்ல, நேரடியான வைட்டமின் ஏ, அதோடு டி. இரண்டும் உடலில் சேர்ந்துகொண்டே போகும், வேண்டாததை வெளியேற்றுவது உடலுக்கு எளிதல்ல. மனிதப் பிள்ளைக்கு அளந்து செய்த மாத்திரையை நூறு கிராம் பறவைக்கு உடைத்து ஊற்றுவது என்ன கணக்கு?

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் காக்டெயில்களை வைத்துச் செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. வளர்ந்த காக்டெயில்கள் வைட்டமின் ஏ குறைவான உணவைத் தாங்கியதைவிட, அது மிகுந்த உணவைத் தாங்குவதற்கு அதிகம் சிரமப்பட்டன. குறைவைவிட மிகுதி அவற்றுக்குக் கெடுதல். சளி என்று சொல்லி மாத்திரை உடைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். டி மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். மக்கா இனக் கிளிகள் இதற்கு மிகவும் எளிதில் ஆட்படும்.

இதே தவறின் இன்னொரு வடிவம், கோழிகளுக்கான ஏ-டி3-ஈ சொட்டு மருந்து. பக்கத்தில் நாமக்கல் இருப்பதால் நம் பகுதியில் கோழி மருந்துக்குப் பஞ்சமே இல்லை. மருந்து நல்லதுதான், ஆயிரக்கணக்கான கோழிகளின் தண்ணீர்த் தொட்டிக்கு அளந்தது. காக்டெயில் வறண்ட நிலத்துப் பறவை, தண்ணீர் குறைவாகவே குடிக்கும். கிண்ணத்தில் கலந்த மருந்தில் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. வெயிலில் மதியத்துக்குள் தண்ணீரில் அந்த மருந்தின் வீரியமும் குறைந்துவிடும். மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்தால் அது வேறு.

ஈரல் எண்ணெய் அல்லாத, மீன் உடலிலிருந்து எடுத்த ஒமேகா-3 எண்ணெயைச் சிறுநீரக நோய்க்கும் மூட்டு வலிக்கும் பறவை மருத்துவர்கள் எடை பார்த்து எழுதிக் கொடுப்பது உண்டு. அது சிகிச்சை. ஆரோக்கியமான கிளிக்கு வீட்டில் நாமாகத் தொடங்குவதற்குக் காரணம் இல்லை.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரம் நிற்கும். சீசனில் கொண்டை ஊசி வளைவுகளில் கூடை வைத்து விற்பார்கள். நல்ல கொழுப்பு நிறைந்த பழம் என்று நாமே தேடித் தின்கிறோம், கிளிக்கும் ஒரு துண்டு கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதில் பெர்சின் என்ற பொருள் இருக்கிறது. அது பறவையின் இதயத்தைத் தாக்கும், ஒன்றிரண்டு நாளில் உயிரே போகும். சதை, கொட்டை, இலை எதுவும் கூடாது; மரத்தடியில் கூண்டைத் தொங்கவிடுவதும் வேண்டாம். அவகாடோ எண்ணெயை ஒப்பீட்டுக்குள் நான் சேர்க்காததற்குக் காரணம் இதுதான். வேறு எண்ணெய்களே தேவையில்லாத இடத்தில் இந்தச் சூதாட்டம் எதற்கு? காப்பிக் கொட்டையும் அதே பட்டியல்தான்.

மலையில் குளிர் என்பதால் பறவைக்குக் கொழுப்புக் கூடுதலாக வேண்டும் என்று சொல்வார்கள். வெளித்திண்ணையில் வளரும் பறவைக்குக் குளிர்காலத்தில் சக்தி கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுவது சரிதான், அதைச் சூரியகாந்தி நாலு பருப்பு கூட்டிக் கொடுத்தே சரிசெய்யலாம். வீட்டுக்குள் இருக்கும் பறவைக்கு அதுவும் வேண்டாம். ஏற்காட்டில் காலையில் சிவப்பு பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் பாட்டிலிலேயே உறைந்திருக்கும். அடுப்பில் வைத்து உருக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் போதும். அடுப்படி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நான்ஸ்டிக் தவா காய்ந்து வரும் புகை கிளியை நிமிடங்களில் கொல்லும். எண்ணெய் பற்றி இவ்வளவு யோசிப்பவர் கூண்டைச் சமையலறையை விட்டு நகர்த்தியாவது வைக்க வேண்டும்.

எந்த வீட்டுக்கு எது?

தினையும் கீரையும் தின்னும் பட்ஜி என்றால் எண்ணெய் வேண்டாம், ஆளிவிதைச் சிட்டிகை போதும். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் ஈரலில் கொழுப்பு படிவது பொதுவான நோய்; பட்ஜிக்கு நெஞ்சில் கொழுப்புக் கட்டியும் வரும். அலகு அளவுக்கு மீறி வளர்வது ஈரல் கெட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். குண்டாக இருக்கிறதா என்று பார்க்க நெஞ்செலும்பைத் தடவுங்கள். விளிம்பு கைக்குத் தட்டுப்படாமல் இரண்டு பக்கமும் சதை புடைத்திருந்தால் எண்ணெய்ப் பேச்சையே எடுக்க வேண்டாம். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும், கொலுசுப் பட்டறைத் தராசெல்லாம் தேவையில்லை.

பெல்லட் (சத்துகள் கலந்து குருணையாகச் செய்த தீனி) தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ ஏற்கெனவே அதில் சேர்த்திருக்கும். அதன் மேல் மீன் எண்ணெயும் சொட்டு மருந்தும் ஊற்றுவதுதான் நான் பார்த்த பழக்கங்களிலேயே மிக ஆபத்தானது. விதை மட்டும் தின்னும் காக்டெயில், லவ்பேர்ட், கன்யூருக்கு முதல் வேலை காய்கறிக்குப் பழக்குவது. அதற்குத் துணையாகச் சிவப்பு பாமாயில் ஒன்றிரண்டு சொட்டு, காய்கறி தின்னத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். கிரேக்கு மட்டும்தான் இந்த எண்ணெயை நிரந்தரமாக அலமாரியில் வைக்கச் சொல்வேன். அதுவும் பறவை ஒல்லியாகவோ சரியான எடையிலோ இருந்தால்.

எதைக் கொடுத்தாலும் உணவில் புரட்டிக் கொடுங்கள். தண்ணீரில் விட்டால் மேலே மிதந்து அலகிலும் இறகிலும் ஒட்டும். சொட்டுக் குழாயால் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். எண்ணெய் புரட்டிய உணவை சேலத்து வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள், மிஞ்சியதை எடுத்துவிட்டுக் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சுண்ணாம்புக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும், அதைக் கூண்டில் கட்டுங்கள். டி3-க்கு காலை வெயில், கண்ணாடி வழியாக அல்ல, நேரடியாக. கூண்டின் ஒரு பாதியில் நிழல் இருக்கட்டும். முட்டை சிக்கியிருக்கும் பெட்டைக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்புக் குறைவால் முட்டைப் பையின் தசை சுருங்க முடியாமல் போவது இதற்கு முக்கியக் காரணம், வயிற்றைக் கழிய வைப்பதால் முட்டை வராது. பறவையைக் கதகதப்பாக வைத்து அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மூக்கடைப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம், வாய்க்குள் வெள்ளைப் படலம் தெரிந்தாலும் அப்படியே. இவை வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம், பார்த்த மாத்திரத்தில் வீட்டில் பிரித்தறிய முடியாது. நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் பகுதியில் நாம் வாழ்கிறோம். போகும்போது கிளியோடு, அது தின்னும் தீனியில் ஒரு கைப்பிடியும் நீங்கள் கொடுக்கும் பாட்டில்கள் அத்தனையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.